பார்னெற்றின் நூலும் ஐன்ஸ்ரைனின் கடிதமும்

கவிதை நூலொன்று வெளிவந்தால் அதன் அடிதோறும் நின்று குணங்குற்றம் ஆராய்கின்றோம். நாவலொன்றில் ஒரு பாத்திரம் தன் இயல்புக்கு மாறாக ஒரு வார்த்தை பேசிவிட்டால் அதனைச் சுட்டிக்காட்டாது விடுவதில்லை. ஆயின், பொதுமக்களுக்காக எழுதப்படும் விஞ்ஞான நூல்களை நமது விமரிசகர்கள் தொடுவதேயில்லை. அவை விஞ்ஞான ஆசிரியர்களின் பாற்பட்டவை என ஒதுக்கிவிடுகின்றனர். விஞ்ஞான ஆசிரியர்களோ கணக்குச் சரியாக உள்ளதா என்று மாத்திரம் பார்த்து, மொழியைத் தமிழாசிரியர் கவனித்துக்கொள்வார் என விட்டுவிடுகின்றனர். இரு சாராரும் கைவிட்ட நிலத்திலே களை முளைப்பது இயல்பே. விஞ்ஞானத்தைப் பாமரர்க்கு விளக்கும் உரைநடையும் உரைநடைதான். அதிலும் உவமை உண்டு, உருவகம் உண்டு, சொற்றேர்வு உண்டு. எனவே தமிழ் கற்பிக்கும் நமக்கு அதில் என்ன வேலை என்று எவரும் வினவ வேண்டியதில்லை.

நாம் இங்கு எடுத்துக்கொள்வது ஒரேயொரு கூற்று. “பொருளின் வேகம் கூடக்கூட அதன் திணிவும் கூடுகின்றது” என்பதே அது. சார்புக் கொள்கையைப் பற்றிப் பொதுமக்களுக்கு எழுதப்பட்ட நூல்களிலே இக்கூற்றைக் காணாதது அரிது. இதனை உலகெங்கும் பரப்பிய நூல்களுள் முதன்மையான ஒன்று, லிங்கன் பார்னெற் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1948ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பிரபஞ்சமும் டாக்டர் ஐன்ஸ்ரைனும்’ என்பதாகும்.

பார்னெற் ‘லைஃப்’ இதழிலே பணியாற்றியவர். நியூயோர்க் நகரத்துத் தேவாலயமொன்றின் வெண்சுவரிலே உலகப் பெரியோரின் சிலைகள் செதுக்கப்பட்டிருப்பதையும், அவற்றிடையே உயிரோடிருந்த ஐன்ஸ்ரைனின் உருவமும் இடம்பெற்றிருப்பதையும் சொல்லி நூலைத் தொடங்குகின்றார். தெருவிலே போகும் சாதாரண மனிதனைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று, காலம், வெளி, ஒளி ஆகியவற்றின் முன்னே நிறுத்தும் ஆற்றல் அவரது நடைக்கு உண்டு. நூறு பக்கங்களுக்குச் சற்று அதிகமான அளவில் இத்துணை தெளிவாக எழுதியவர் அக்காலத்தில் வெகுசிலரே. குறை கூறப் புகுமுன் இதனைச் சொல்லிவிடுதல் நேர்மையாகும்.

அந்நூலுக்கு ஐன்ஸ்ரைனே அணிந்துரை வழங்கினார். விஞ்ஞானத்தை எளிமைப்படுத்தி எழுதுவோர் இரு குழிகளில் ஒன்றில் விழுகின்றனர் என்பது அவர் கருத்து. ஒரு சாரார் பிரச்சினையின் உட்கருவை மறைத்து மேற்பூச்சான சிலவற்றைக் காட்டி, விளங்கிவிட்டது என்ற மயக்கத்தை வாசகனுக்கு ஊட்டுகின்றனர். மறுசாரார் நிபுணர்க்கு மாத்திரம் விளங்குமாறு எழுதி, வாசகனை வாயிலிலேயே திருப்பி அனுப்புகின்றனர். அறிவு ஒரு சிறு கூட்டத்தாரின் தனியுடைமையாக நின்றுவிடின் மக்களின் சிந்தனை வறண்டுபோகும் என்றும் அவர் அங்கே எச்சரித்தார். விஞ்ஞான எழுத்தின் சமூகப் பொறுப்பை இதனினும் செறிவாகக் கூறுதல் கடினம்.

பார்னெற் வேகத்தையும் திணிவையும் பற்றி எழுதிய பக்கங்களை அவ்வணிந்துரை வகுத்த அளவுகோலாலேயே நாம் அளந்து பார்க்கலாம். இயங்கும் பொருளின் திணிவு மாறாதது அன்று, வேகத்துடன் பெருகுவது என்கின்றார் பார்னெற். ஒளியின் வேகத்தை எட்டினால் அத்திணிவு முடிவிலியாகிவிடும். முடிவிலித் திணிவு முடிவிலித் தடையைத் தரும். ஆதலால் எப்பொருளும் ஒளியின் வேகத்தை அடைய முடியாது என்கின்றார். வாசகனுக்கு இது உடனே விளங்குகிறது. பாரம் ஏற ஏற வண்டி இழுக்கும் மாடு தளர்வது போல என அவன் எண்ணிக்கொள்கின்றான்.

நிற்க. அதே 1948ஆம் ஆண்டு யூன் மாதம் 19ஆந் திகதி ஐன்ஸ்ரைன் இதே பார்னெற்றுக்கு ஒரு கடிதம் எழுதினார். இயங்கும் பொருளுக்கென வேறொரு திணிவைப் புகுத்துவது நன்றன்று. அதற்குத் தெளிவான வரைவிலக்கணம் தர இயலாது. ஓய்விலுள்ள பொருளின் திணிவொன்றையே வைத்துக்கொண்டு, இயங்கும் பொருளின் உந்தத்துக்கும் சக்திக்கும் உரிய கோவைகளைக் கூறுதலே மேல் என்பது அக்கடிதத்தின் சாரம். ருஷ்யப் பௌதிகவியலாளர் லெவ் ஓக்குன் 1989இல் எழுதிய கட்டுரையொன்றின் வாயிலாக இக்கடிதம் பரவலாக அறியப்பட்டது. கொள்கையை வகுத்தவரே வேண்டாமென்ற கூற்று, அவர் அணிந்துரை தாங்கிய நூலின் வழியாகவே உலகை வலம்வந்தது.

இக்கூற்று எங்கிருந்து பிறந்தது? சார்புக் கொள்கையிலிருந்து பிறக்கவில்லை என்பதே பலரும் அறியாத செய்தி. 1881இல் ஜே. ஜே. தொம்சன், மின்னேற்றம் பெற்ற கோளமொன்று இயங்கும்போது கூடுதலான திணிவுடையது போல நடந்துகொள்ளும் எனக் கணித்துக் காட்டினார். 1901 தொடக்கம் வால்ரர் கவுஃப்மன் ஜேர்மனியின் கோட்டிங்கன் நகரில், ரேடியத்திலிருந்து பாயும் இலத்திரன்களை மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் வளைத்துப் பார்த்தார். வேகம் மிக்க இலத்திரன்கள் எதிர்பார்த்ததிலும் குறைவாகவே வளைந்தன. மாக்ஸ் ஆபிரகாமும் லோரன்ற்ஸும் இதற்குக் கொள்கைகள் வகுத்தனர். திணிவெல்லாம் மின்காந்தமே எனில் சடப்பொருள் எங்கே என்று சில தத்துவவாதிகள் கேட்கத் தொடங்கியதும் அக்காலத்தேதான். ‘பொருள் மறைந்துவிட்டது’ என்ற அக்கூச்சலுக்கு மறுப்பாக லெனின் 1908இல் எழுதி அடுத்த ஆண்டு வெளியிட்ட நூலில் ஒரு முழு அத்தியாயமே உண்டு. சார்புக் கொள்கை மாயாவாதத்தை நிரூபித்துவிட்டது என இன்றும் மேடைகளிற் பேசுவோரைக் கேட்கும்போது அக்கூச்சல் இன்னும் ஓயவில்லை என்றே தோன்றுகிறது.

ஆபிரகாமும் லோரன்ற்ஸும் ஓர் இக்கட்டில் மாட்டிக்கொண்டனர். ஒளிவேகத்தின் நூற்றுக்கு 86.6 பங்கு வேகத்திற் செல்லும் ஒரு துணிக்கையைப் பக்கவாட்டில் தள்ளினால், அது ஓய்விலிருப்பதைப் போல் இரு மடங்கு திணிவுடையதாக எதிர்க்கிறது. அதே துணிக்கையை அது செல்லும் திசையிலேயே தள்ளினால் எட்டு மடங்காக எதிர்க்கிறது. ஒரே பொருள், ஒரே வேகம். ஆயினும் திணிவு இரண்டு! இவற்றைக் குறுக்குத் திணிவு, நெடுக்குத் திணிவு எனப் பெயரிட்டு வழங்கினர். 1905இல் வெளியான ஐன்ஸ்ரைனின் முதற் கட்டுரையிலும் இவ்விரு பெயர்களும் உள்ளன. அடுத்த ஆண்டு மாக்ஸ் பிளாங்க் உந்தத்தை முன்னிறுத்திச் சமன்பாட்டை எழுதியதும் இக்குழப்பம் பெருமளவு தெளிந்தது. எனினும் 1912இல் அமெரிக்கரான ரொல்மன் இரண்டு மடங்கான அந்தக் குறுக்குத் திணிவையே இயங்கும் பொருளின் திணிவு என்று கொள்ளுதல் தகும் என வாதிட்டார். பாடநூல்கள் அவ்வழியே சென்றன. தள்ளும் திசைக்கேற்ப மாறும் ஒன்று, பொருளுக்குள்ளே கிடக்கும் சரக்காக எப்படி இருக்க முடியும் என்ற கேள்வியைப் பார்னெற்றின் வாசகன் கேட்க வாய்ப்பேயில்லை. எட்டு மடங்கான மற்றத் திணிவைப் பற்றி அவனுக்கு எவரும் சொல்லவில்லை.

அவ்வாறாயின் அந்த இரண்டு மடங்கு எதனைச் சார்ந்தது? காலத்தைச் சார்ந்தது. பழைய முறையில் உந்தம் காண்பதற்கு, பொருள் கடந்த தூரத்தை நமது கடிகாரம் காட்டும் நேரத்தால் வகுத்துத் திணிவாற் பெருக்குவோம். சார்புக் கொள்கையிலே, நாம் அளந்த அதே தூரத்தை, அப்பொருளுடன் செல்லும் கடிகாரம் காட்டும் நேரத்தால் வகுத்தல் வேண்டும். மேற்சொன்ன வேகத்தில் நமக்கு இரண்டு மணி செல்லும்போது அக்கடிகாரத்துக்கு ஒரு மணியே செல்கிறது. எனவே உந்தம் இரட்டிக்கிறது. திணிவு தொடப்படவேயில்லை. இது வெறுஞ் சொல்விளையாட்டு அன்று. மியூவன் என்ற துணிக்கை ஓய்விலிருப்பின் சராசரி ஒரு செக்கனின் பத்து இலட்சத்தில் 2.2 பங்கு நேரமே வாழும். ஜெனீவாவிலுள்ள ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு நிலையத்தில் அதனை வளையமொன்றிற் சுழலவிட்டு, அதன் ஆயுள் ஏறக்குறைய 29 மடங்காக நீண்டதை 1977இல் வெளியிட்டனர். அதன் உந்தத்தைக் காண உதவுவதும் இதே 29தான். ஒரு காரணத்தால் விளைந்த இரண்டையும் பிரித்து, ஒன்றைக் காலத்தின் கணக்கிலும் மற்றதைத் திணிவின் கணக்கிலும் எழுதியதே பார்னெற் மரபின் குற்றம்.

அதே நிலையத்தின் 27 கிலோமீற்றர்ச் சுற்றளவுள்ள பெருவளையத்தில், 2022இல் தொடங்கிய ஓட்டங்களிலே புரோத்தன்கள் ஒளியினும் செக்கனுக்கு ஏறக்குறைய 3 மீற்றர் மாத்திரமே பின்தங்கி ஓடின. அவற்றின் சக்தி, ஓய்விலுள்ளபோது இருப்பதைப்போல் 7000 மடங்குக்கு மேல். அவற்றை வளைக்கும் காந்தங்கள் அந்தச் சக்திக்கேற்ற வலுவுடன் அமைக்கப்பட்டவையே. அப்புரோத்தனுடன் கூடவே செல்பவன் ஒருவன் இருப்பானாயின், அவன் கையிலிருப்பது பழைய புரோத்தனேயாம்.

பார்னெற்றிடம் இன்னொரு குறையும் உண்டு. இது சற்றுப் பாரதூரமானது. சக்தியும் திணிவும் ஒன்றே என்ற முடிவுக்கு ஐன்ஸ்ரைன் வந்த வழியை அவர் இவ்வாறு விளக்குகின்றார்: இயக்கம் கூடினால் திணிவு கூடுகிறது, இயக்கம் ஒருவகைச் சக்தி, எனவே கூடிய திணிவு கூடிய சக்தியிலிருந்தே வந்தது, ஆகச் சக்திக்குத் திணிவு உண்டு. படிப்பதற்கு மிக இனிமையான படிக்கட்டு இது. ஆனால் ஐன்ஸ்ரைன் இதிலே ஏறவில்லை. 1905 செப்ரெம்பரில் அவர் முடித்தனுப்பிய மூன்று பக்கக் கட்டுரையிலே வரும் பொருள் அசையாது கிடக்கிறது. அது எதிரெதிர்த் திசைகளில் சம அளவு ஒளியை வீசுகிறது; வீசிய பின்னும் அசையாதே கிடக்கிறது. அதனை இயங்கும் ஒருவன் நின்று நோக்கினால் கணக்கு எவ்வாறு அமையும் என ஆராய்ந்து, ஒளியாகச் சக்தியை இழந்த பொருள் திணிவையும் இழந்தது என்ற முடிவுக்கு அவர் வந்தார். மாறியது ஓய்விலுள்ள பொருளின் திணிவே. பார்னெற்றின் படிக்கட்டு எளிதாயிருக்கலாம். அதனை ஐன்ஸ்ரைன் பெயரில் எழுதிவைத்தது தவறு. ஒரு புலவர் பாடாத செய்யுளை அவர் தலையிற் கட்டினால் நாம் பொறுப்போமா?

இனிச் சொல்லுக்கு வருவோம். ‘மாஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் மூலத்தைத் தேடிச் சென்றால், இலத்தீன் வழியாகக் கிரேக்க மொழியில் வாற்கோதுமை மாவின் உருண்டையிற் போய் முடிகிறது. நமது ‘திணிவு’ என்ற சொல்லோ, செறிந்து அடைந்து கிடத்தலைக் குறிக்கும் ‘திணி’ என்ற அடியிலிருந்து வந்தது. இரண்டும் கையாற் பிடித்துப் பார்க்கத்தக்க பண்டத்தின் பெயர்கள். இத்தகைய பெயருடன் ‘கூடுகின்றது’ என்ற வினையைச் சேர்த்த மாத்திரத்திலே, மாவுருண்டை பருத்து வீங்குவதாகிய படம் மனத்தில் எழுவதைத் தடுக்க முடியாது. நம்மவர்க்கு இன்னுமொரு தொல்லை. தமிழகத்தார் இதனை ‘நிறை’ என்பர். இலங்கைப் பாடநூல்களிலோ நிறை என்பது பூமி இழுக்கும் விசையின் பெயர். தமிழகத்து நூலில் ‘வேகத்தால் நிறை கூடும்’ என்று படிக்கும் நமது மாணவன், ஓடுகின்ற பொருளைப் பூமி கூடுதலாக இழுக்கிறது என்றே கொள்வான். திணிவு என்ற தடத்தைத் தாண்டி ஈர்ப்பு என்ற தடத்துக்கே அவன் போய்விடுகின்றான்.

வகுப்பிலே நாம் பலமுறை கேட்ட வினா ஒன்றுண்டு. திணிவு கூடினால் ஈர்ப்பும் கூடுமல்லவா? போதிய வேகத்திற் செல்லும் கல் ஒன்று கருந்துளையாகிவிடாதா? விஞ்ஞானப் பிரிவு மாணவர்கள் தமிழ்ப் பாட வேளையில் இதனைக் கேட்பர். கேள்வியில் பிழையில்லை, நாம் கொடுத்த சொல்லை அவர்கள் நம்பினார்கள், அவ்வளவே.

1991 ஒக்ரோபர் 15ஆந் திகதி அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து வானில் வந்து மோதிய ஒரு துணிக்கையை ஆய்வாளர் பதிவு செய்தனர். அதனைப் புரோத்தன் எனக் கொண்டால், அதன் சக்தி ஓய்விலிருக்கும்போது உள்ளதைப்போல் ஏறக்குறைய 30,000 கோடி மடங்கு. இயக்கம் சார்புடையது அல்லவா? அத்துணிக்கையின் நிலையில் நின்று பார்த்தால் அது ஓய்விலுள்ளது. பூமியே அதனை நோக்கி அவ்வேகத்திற் பாய்ந்து வந்தது. அவ்வாறாயின் பூமியின் ‘திணிவு’ 30,000 கோடி மடங்காயிருக்க வேண்டும். இன்றைய திணிவுடைய பூமி கருந்துளையாவதற்கு 9 மில்லிமீற்றர் ஆரைக்குள் நசுக்கப்பட வேண்டும். வீங்கிய கணக்கின்படியோ 25 இலட்சம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட ஆரைக்குள் அடங்கினாற் போதும். பூமியின் ஆரை 6371 கிலோமீற்றர்தான். எனவே அன்றைக்கே நாமனைவரும் கருந்துளைக்குள் மறைந்திருத்தல் வேண்டும்! அப்படியொன்றும் நிகழவில்லை. கருந்துளையாவதும் ஆகாததும் பார்ப்பவனைப் பொறுத்தவை அல்ல. வேகமோ பார்ப்பவனைப் பொறுத்தது.

எனின், இயக்கத்துக்கும் ஈர்ப்புக்கும் தொடர்பே இல்லையா? உண்டு, பார்னெற்றின் கூற்றிலும் அது நுட்பமானது. நியூற்றனின் பழைய கணக்கின்படி சூரியனருகாகச் செல்லும் ஒளி எவ்வளவு வளையுமோ, அதைப்போல் இரு மடங்கு, அதாவது 1.75 விகலை வளையும் என்றது ஐன்ஸ்ரைனின் பொதுச் சார்புக் கொள்கை. (பாகையொன்றின் 3600இல் ஒரு பங்கே விகலை.) 1919 மே 29ஆந் திகதிச் சூரிய கிரகணத்தின்போது பிரேசிலிலும் ஆபிரிக்கக் கரையை அடுத்த பிரின்சிப்பே தீவிலும் எடிங்ரன் முதலியோர் எடுத்த படங்கள் இதற்குச் சான்றாயின. ஒளிக்குத் திணிவு கிடையாது, ஆயினும் வளைகிறது. அதன் சக்தியைத் திணிவாக மாற்றி நியூற்றனின் சூத்திரத்தில் இட்டாலும் அரைப்பங்கு வளைவே கிடைக்கும். ஓய்விலுள்ள பொருளொன்றின் அருகாக வேறொரு பொருள் ஒளிவேகத்தை ஒட்டிப் பாய்ந்து சென்றால், முன்னதன்மீது விழும் இழுப்பும் ‘வீங்கிய திணிவு’ தருவதைப்போல் ஏறக்குறைய இரு மடங்காகவே அமையும். ஆக, அந்த வீங்கிய திணிவு ஈர்ப்புக் கணக்கிலும் விடை தருவதில்லை. 

காரணம் யாதெனில், பொதுச் சார்புக் கொள்கையில் ஈர்ப்பின் ஊற்றுக்கண் திணிவு என்ற ஒற்றை எண் அன்று. சக்தி, உந்தம், அமுக்கம், தகைப்பு ஆகியவை சேர்ந்த பத்து எண்களின் தொகுதி அது. ஓய்விலுள்ள மின்னேற்றம் மின்புலத்தை மாத்திரம் உண்டாக்க, ஓடுகின்ற மின்னேற்றம் காந்தப்புலத்தையும் உண்டாக்குவதைப் பாடசாலையிற் படிக்கின்றோம். அதுபோல ஓடுகின்ற, சுழலுகின்ற பொருளும் ஈர்ப்பிலே ஒரு புதிய பாங்கை உண்டாக்குகிறது. சுழலும் பூமி தன்னைச் சூழ்ந்த வெளியையே சிறிது இழுத்துச் செல்லும் என்று 1918இலேயே கணித்தனர். 2004இல் ஏவப்பட்ட அமெரிக்கச் செய்மதியொன்று, நான்கு சுழலும் குவாட்சுக் கோளங்களைச் சுமந்து சென்று இதனை அளந்தது. ஆண்டுக்கு 39.2 மில்லி விகலை என்பது கணிப்பு. 2011இல் வெளியான அளவீடு 37.2, வழு எல்லை 7.2. திணிவு வீங்குவதாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளும் எழுத்தாளன், இத்தகைய அற்புதத்தை வாசகனிடமிருந்து ஒளித்துவிடுகின்றான்.

இயக்கம் உண்மையாகவே திணிவாகின்ற இடமும் ஒன்றுண்டு; அதனையும் சொல்லாது விடலாகாது. மூடிய பெட்டியொன்றுள் இருக்கும் வாயுவைச் சூடாக்கினால் அதன் துணிக்கைகள் விரைந்து ஓடும். தனித்தனித் துணிக்கையின் திணிவு மாறாது. ஆயின் முழுப் பெட்டியின் திணிவு கூடும். ஒரு கிலோகிராம் தண்ணீரைப் பூச்சியம் பாகையிலிருந்து நூறு பாகைக்குச் சூடாக்கினால் கூடுவது ஒரு கிராமின் நூறு கோடியில் ஏறக்குறைய ஐந்து பங்கு. இது நகைப்புக்கிடமான சிறுமை எனலாம். ஆனால் நமது உடம்பை ஆக்கிய புரோத்தனை நோக்குக. அதனுள் இருக்கும் மூன்று குவார்க்குகளின் திணிவுகளைக் கூட்டினால் புரோத்தனின் திணிவில் நூற்றிலொரு பங்கே தேறுகிறது. எஞ்சியதெல்லாம் அவற்றின் இயக்கத்தினதும், அவற்றைப் பிணைக்கும் புலத்தினதும் சக்தி. முழுமையாக ஒரே திசையில் ஓடும் ஓட்டத்தைப் பார்ப்பவன் தானும் ஓடி இல்லாமலாக்கிவிடலாம். உள்ளே எல்லாத் திசையிலும் நிகழும் ஓட்டத்தை அவ்வாறு இல்லாமலாக்க முடியாது. ஆதலின் அது திணிவாக நிலைக்கிறது. குவார்க்குகளைப் பற்றிப் பார்னெற் அறிந்திருக்க வழியில்லை. அதற்காக அவரைக் குறைகூற மாட்டோம். சூடேறிய பொருளின் திணிவு கூடும் என்பதோ 1905ஆம் ஆண்டுக் கட்டுரையின் நேரடி விளைவு. அவர் விரும்பியிருந்தால் தம் வாசகனுக்கு ஒரு கெண்டித் தண்ணீரைக் கொண்டே இதனை விளக்கியிருக்கலாம்.

பார்னெற்றை மாத்திரம் பிடித்துக்கொண்டது ஏன் எனச் சிலர் கேட்கலாம். றிச்சட் பெயின்மன் 1960களின் தொடக்கத்தில் நிகழ்த்திய புகழ்பெற்ற விரிவுரைகளிலும், ஸ்ரீவன் ஹோக்கிங் 1988இல் எழுதிய நூலிலும் இதே திணிவுப் பெருக்கம் வருகிறது. ஓக்குனின் கட்டுரைக்கு மறுப்பாக, இக்கருத்தை ஆதரித்து 1991இல் ஓர் அமெரிக்கப் பௌதிக இதழில் கட்டுரையும் வெளிவந்தது. சக்தியை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்து அதற்குத் திணிவு எனப் பெயரிடுவது தருக்கப் பிழை அன்று என்ற அவர்கள் வாதத்தை நாமும் ஒப்புக்கொள்கின்றோம். பெயின்மனின் மாணவர்களுக்குச் சமன்பாடுகள் கையில் இருந்தன. சொல் வழுக்கினாலும் கணக்கு அவர்களைத் தாங்கிக்கொண்டது. பார்னெற்றின் வாசகனுக்குச் சொல்லைத் தவிர வேறெதுவும் இல்லை. சொல்லையே முழு முதலாக நம்பி வருபவனுக்கு நிபுணனுக்குக் கொடுப்பதைவிடத் திருத்தமான சொல்லைக் கொடுத்தல் வேண்டும். ‘பாமரனுக்கு இவ்வளவு போதும்’ என்ற மனப்பான்மை அதற்கு நேர்மாறானது. பழைய காலத்திலே ஏடுகளைப் பெட்டகத்திற் பூட்டி வைத்தவர்களின் மனப்பான்மையே இன்று எளிமை என்ற வேடமிட்டு வந்திருக்கிறது. அன்று ஒன்றும் கொடாது மறுத்தனர், இன்று பதரைக் கொடுத்து அனுப்புகின்றனர்.

தமிழில் எழுதுவோர்க்கு இதிலே செய்யத்தக்க சிறு வேலை ஒன்று உண்டு. ‘ஓய்வுத் திணிவு’ என நாம் வழங்கும் தொடரிலுள்ள அடைமொழி, ‘இயக்கத் திணிவு’ என வேறொன்று இருப்பதாகக் கருதியதால் வந்து ஒட்டிக்கொண்டது. திணிவு ஒன்றே எனில் அடைமொழி வேண்டியதில்லை. பொதுமக்களுக்கு எழுதும் நூல்களின் அடுத்த பதிப்பில் அதனை நீக்கிவிட்டு, வேகத்தால் திணிவு கூடும் என்ற பந்தியின் இடத்தில் அவரவர் கடிகாரத்தையும் உந்தத்தையும் பற்றிய ஒரு பந்தியைச் சேர்க்கலாம். பக்கமும் கூடாது, அச்சுக்கூலியும் கூடாது.